பனி விலகும் வரிசை: ஸ்வால்பார்டில் கோடைப் பூக்கள்

எந்த மாதம் போனால் பூ பார்க்கலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். ஜூன் கடைசி வாரத்திலிருந்து ஜூலை முடிய என்று சொல்லிவிடலாம், தவறில்லை. ஆனால் அந்தப் பதிலை மட்டும் வைத்துக்கொண்டு போகிறவர் பாதியைத்தான் பார்த்துவிட்டு வருவார். ஸ்வால்பார்டில் பூவுக்கு நாள் குறிப்பது பனி. ஓரிடத்தில் பனி உருகி மண் வெளியே தெரிந்த நாள்தான் அந்த இடத்துக்குச் சித்திரை முதல் நாள். காற்று ஓயாமல் துடைத்துக்கொண்டிருக்கும் மேட்டு முதுகில் அது மே கடைசியிலேயே வந்துவிடும். நூறடி தள்ளி, குளிர்காலப் பனி முழுக்கக் குவிந்து கிடக்கும் பள்ளத்தில் அதே நாள் ஜூலை நடுவில்தான் வரும். மேட்டில் ஒரு செடி காய் முற்றி நிற்கும்போது பள்ளத்தில் அதே செடி அப்போதுதான் மொட்டு விடும்.

தாமதமாக வந்துவிட்டோமே என்று நொந்துகொள்கிறவருக்கு இது நல்ல செய்தி. பனித் திட்டு இன்னும் கரையாமல் கிடக்கும் நிழற்சரிவைத் தேடி நடந்தால், போன மாதத்தைக் காலாலேயே பிடித்துவிடலாம். இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

இடத்தைப் பற்றிச் சுருக்கமாக. நார்வேயின் வடமுனைக்கும் வட துருவத்துக்கும் ஏறக்குறைய நடுவில் கிடக்கும் தீவுக்கூட்டம் ஸ்வால்பார்ட். பயணிகள் தங்கும் ஊர் லாங்யியர்பியன், 78 டிகிரி வட அட்சரேகையில். 1906-இல் நிலக்கரிக்காக உண்டான ஊர். மலைச்சரிவில் பழைய ரோப்வே மரத்தூண்கள் இன்னும் வரிசையாக நிற்கின்றன. ஜூலையில் சராசரி வெப்பம் 6, 7 டிகிரி. மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 200 மில்லிமீட்டர்தான். பாலைவனக் கணக்கு அது. அப்படியிருந்தும் கால் வைக்கும் இடமெல்லாம் ஈரம் கசிவதற்குக் காரணம் கீழே இருக்கிறது. கோடையில் மேலே ஒரு மீட்டர் சொச்சம் மண்தான் இளகும். அதற்கடியில் ஆண்டு முழுவதும் உறைந்த மண், சிமெண்டுத் தளம் போட்டதுபோல. உருகிய நீர் இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்குகிறது. அந்த ஈரத்தில்தான் சுமார் 180 வகைப் பூக்கும் செடிகளும் பெரணிகளும் பிழைக்கின்றன.

ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 22 வாக்கு வரை சூரியன் மறைவதே இல்லை. ஜூன் நடுவில் நண்பகலில்கூட அது 35 டிகிரி உயரத்துக்கு மேல் ஏறாது. நள்ளிரவில் வடக்கே 12 டிகிரியில் நிற்கும். உச்சி வெயில் என்ற ஒன்றே கிடையாது. 24 மணி நேரமும் நம் ஊர் மாலை நாலரை மணி வெயில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

விசா விஷயத்தில் ஏமாந்து திரும்பியவர்கள் உண்டு. 1920-இல் கையெழுத்தான ஸ்வால்பார்ட் ஒப்பந்தப்படி அந்தத் தீவுகளில் இறங்க யாருக்கும் விசா தேவையில்லை. அந்த ஒப்பந்தத்தில் இந்தியாவும், பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்த நிலையிலேயே, கையெழுத்திட்ட நாடுதான். ஆனால் விமானம் ஆஸ்லோ அல்லது ட்ரோம்ஸோ வழியாகத்தான் போகிறது. நார்வே ஷெங்கன் பகுதிக்குள் இருக்கிறது, ஸ்வால்பார்ட் அதற்கு வெளியே. போகும்போது ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள்; திரும்பும்போது மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை நுழையும் விசா வைத்திருப்பவர் அங்கிருந்து திரும்பும் வழியில் மாட்டிக்கொள்வார். இரண்டு முறையோ பல முறையோ நுழைய அனுமதிக்கும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது காலணி. கிளம்பும் முன் வீட்டிலேயே அடிப்பாகத்தை நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள்; பள்ளங்களில் ஒட்டியிருக்கும் மண்ணைக் குச்சியால் நோண்டி எடுங்கள். வெறும் சுத்தத்துக்காகச் சொல்லவில்லை. லாங்யியர்பியனில் வந்திறங்கிய 259 பயணிகளின் காலணிகளைச் சோதித்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதைகள் கிடைத்தன. ஆளுக்குச் சராசரி நான்கு. ஸ்வால்பார்டின் கோடைக் குளிரை உண்டாக்கி அவற்றை விதைத்துப் பார்த்தபோது கால் பங்கு முளைத்தும்விட்டது. பூ பார்க்கப் போகிற நாமே களை விதைத்துவிட்டு வரக்கூடாதல்லவா?

முழங்காலுக்கு வைக்கும் மெத்தைப் பட்டை ஒன்றை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் ஓடு பதிக்கும் வேலைக்காரர்கள் கட்டிக்கொள்வதுதான். கிடைக்காவிட்டால் நுரை ரப்பர் துண்டு போதும். இங்கே பூக்கள் கணுக்கால் உயரத்தைத் தாண்டுவது அபூர்வம். நின்றபடி பார்த்தால் பச்சையும் பழுப்புமான தரைதான் தெரியும். மண்டியிட்ட பிறகே தோட்டம் தொடங்கும். மேலுக்கு நீர் புகாத பேண்ட், விரல் நுனி திறந்த கையுறை, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். தூங்கும்போது கட்டிக்கொள்ளக் கண்பட்டையும் வேண்டும். முதல் இரண்டு நாள் உடம்புக்கு இரவு பகல் பிடிபடாது. கொசுவர்த்தி எல்லாம் தேவையில்லை. கனடாவிலும் கிரீன்லாந்திலும் கோடைக் கொசு உயிரை வாங்கும். ஸ்வால்பார்டில் கொசு உண்டு, தொல்லை குறைவு.

புத்தகம் ஒன்று வேண்டுமென்றால் ஓலாஃப் ரூன்னிங் எழுதிய ஸ்வால்பார்ட் தாவர நூலைத் தேடுங்கள். நார்வே துருவ நிறுவனம் வெளியிட்டது. 1996-இல் ஆங்கிலத்திலும் வந்தது. பழைய நூல், சில பெயர்கள் இப்போது மாறிவிட்டன. இருந்தாலும் கையோடு வைத்திருக்க ஏற்றது.

தரையைப் பார்ப்பவரும் கரடி பார்ப்பவரும்

ஊர் எல்லையில் பனிக்கரடி வரைந்த முக்கோணப் பலகை நிற்கும். இது ஸ்வால்பார்ட் முழுமைக்கும் பொருந்தும் என்று நார்வேஜிய மொழியில் அதில் எழுதியிருக்கும். பயணிகள் அதனடியில் நின்று படமெடுத்துக்கொள்வார்கள். விளையாட்டுக்கு வைத்த பலகை அல்ல அது. குடியிருப்புக்கு வெளியே போகிறவர் கரடியை மிரட்டி விரட்டும் கருவி வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்; துப்பாக்கியும் இருப்பது நல்லது என்பது ஆளுநர் அலுவலகத்தின் அறிவுரை. 2025 முதல் கரடிக்கு 300 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது. மார்ச் முதல் ஜூன் முடிய அந்தத் தூரம் 500 மீட்டர்.

பறவை பார்ப்பவருக்காவது தலை நிமிர்ந்திருக்கும். பூ பார்க்கிறவர் ஒரு மணி நேரத்தில் ஐம்பது நிமிடம் குனிந்தே இருப்பார். ஆகவே பலகையைத் தாண்டினால் ஆயுதம் வைத்திருக்கும் வழிகாட்டியுடன்தான் போக வேண்டும், அவர் பூ பார்க்கக் கூடாது. இதை முதலிலேயே பேசிவிடுங்கள். பூவில் ஆர்வமுள்ள வழிகாட்டி கிடைத்தால் சந்தோஷம்தான். ஆனால் இரண்டு தலையும் ஒரே செடிமேல் கவிழ்ந்திருப்பது அந்த ஊரில் புத்திசாலித்தனம் ஆகாது.

நல்ல வேளையாக, பலகைக்கு இந்தப் பக்கமே பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. ஊருக்கு நடுவே ஓடும் ஆற்றின் சரளைக் கரை, சாலையோரம், பழைய சுரங்கக் கழிவு மேடு, வீடுகளுக்கு இடையிலான ஈரப்பள்ளம் ஆகிய இடங்களில் மட்டும் இரண்டு நாள் சுற்றலாம். செடிகளைப் பழகிக்கொள்ள இதுவே நல்ல பள்ளிக்கூடம். மூன்றாம் நாள் வழிகாட்டியுடன் ஆட்வென்ட் பள்ளத்தாக்குக்கோ, விமான நிலையத்துக்கு அப்பால் பியோர்ன்டாலென் பக்கமோ போங்கள். விமான நிலையத்துக்கு அருகில் ப்ளோம்ஸ்டர்டாலென் என்றே ஓர் இடம் உண்டு. பூப்பள்ளத்தாக்கு என்று பொருள். அதன் பக்கத்து மலைக்குள்தான் 2008-இல் திறந்த உலக விதைப் பெட்டகம் இருக்கிறது. உலகத்து நெல்லும் கோதுமையும் உள்ளே உறைந்து தூங்க, யாரும் காக்காத விதைகள் வெளியே சரளையில் முளைத்துக்கொண்டிருக்கின்றன.

ஜூன், ஜூலையில் சாலையோரச் சரளையில் ஆர்க்டிக் ஆலாக்கள் முட்டையிட்டிருக்கும். பக்கத்தில் போனால் நேராக மண்டையைக் குறிவைத்துப் பாயும். கொத்தினால் ரத்தம் வரும். தலைக்கு மேலே ஒரு குச்சியைத் தூக்கிப் பிடித்தபடி, வந்த வழியே விலகிவிடுங்கள். உயரமான நுனியைத்தான் அது தாக்கும்.

ஐந்து பேரைத் தெரிந்துகொண்டால்

180 வகைகளையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஐந்தை நன்றாகப் பழகிக்கொண்டால் மற்றவை தாமாக இடத்தில் வந்து அமரும். இவற்றுக்குத் தமிழில் பெயர் கிடையாது. நானாக ஒன்று கட்டிக்கொடுத்தால் அங்கே யாருக்கும் புரியாது. எனவே தாவரவியல் பெயரின் முதல் பாதியையே பழகிக்கொள்ளுங்கள்.

முதலில் பூப்பது ஊதா நிற *சாக்ஸிஃப்ராகா ஆப்போசிடிஃபோலியா*. சாக்ஸிஃப்ராகா என்றால் கல்லுடைப்பான். கல்லுக்குள் ஈரம் என்பார்களே, அதைத் தேடி வேர் விடும் செடி. பனி விலகிய சில நாட்களிலேயே பூத்துவிடும். சரளை மேட்டில் ஊதாத் திட்டாகத் தூரத்திலிருந்தே தெரியும். இவ்வளவு அவசரம் எப்படி முடிகிறது? மொட்டைப் போன ஆண்டுக் கோடையிலேயே தயார் செய்து மூடி வைத்துவிடுகிறது. நாம் ஜூனில் பார்க்கிற பூவில் பாதிச் சமையல் போன ஆகஸ்டில் முடிந்தது. லென்ஸை எடுத்து இலை நுனியைப் பாருங்கள்: வெள்ளையாகக் கடுகளவுகூட இல்லாத சுண்ணாம்புப் புள்ளி இருக்கும். இலைகள் எதிரெதிராக, நான்கு வரிசையாக அடுக்கியிருக்கும். அதே இனம்தான், ஆனால் உருவம் இரண்டு. வறண்ட மேட்டில் இருப்பது கெட்டியாகச் சுருண்டு மெத்தைபோலக் கிடக்கும். பனி தாமதமாக விலகும் ஈரத்தில் இருப்பது கொடிபோல நீண்டு படரும். இரண்டையும் ஒரே நாளில் பார்த்துவிட்டால் பனி விலகும் வரிசை உங்களுக்கு விளங்கிவிட்டது என்று பொருள். வடகிரீன்லாந்துக்கு அப்பால், உலகின் வடகோடி நிலங்களில் ஒன்றான காஃபேக்ளுபென் தீவிலும் இது இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையில் 4,500 மீட்டர் உயரத்திலும் இருக்கிறது.

அடுத்தவர் *டிரையாஸ் ஆக்டோபெடலா*. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள். இதழ்களை எண்ணுங்கள், பெரும்பாலும் எட்டு, பெயரே அதுதான். சிறிய தோல் போன்ற இலை, ஓரம் அலையலையாக, அடிப்பக்கம் வெளுத்திருக்கும். ஜூன் கடைசியிலிருந்து ஜூலையில் காற்றடிக்கும் மேடுகளை இதுவே பிடித்துக்கொள்ளும். பனியுகம் விலகி வந்த காலத்தில், சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன், உலகம் திடீரென்று மறுபடி குளிர்ந்துபோனது. ஸ்காண்டிநேவியாவின் பழைய ஏரி வண்டலில் இந்த இலைகள் மண்டிக் கிடந்ததை வைத்துத்தான் அந்தக் குளிர்ந்த காலகட்டத்துக்கே விஞ்ஞானிகள் இளைய டிரையாஸ் என்று பெயரிட்டார்கள். சுண்டுவிரல் நகத்தளவு இலை ஒன்று ஒரு யுகத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறது.

டிரையாஸ் பூவின் அருகே பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். அதன் கிண்ணம் சூரியனை நோக்கித் திரும்பியிருப்பது தெரியும். மூன்று மணி நேரம் கழித்து வந்து பாருங்கள், முகம் வேறு திசையில் இருக்கும். நெருஞ்சிப் பூ ஞாயிற்றின் பக்கம் திரும்பும் என்பதைச் சங்கப் பாடல்களிலேயே படித்துப் பழகியவர்கள் நாம். வித்தியாசம் என்னவென்றால், அங்கே சூரியன் மறையாததால் திரும்புகிற வேலைக்கும் ஓய்வு குறைவு. கனடாவின் எல்ஸ்மியர் தீவில் ஆராய்ந்த பீட்டர் கெவன் 1975-இல் இதை விளக்கினார். குழிந்த இதழ்கள் வெயிலைக் குவித்து நடுப்பகுதியைச் சுற்றியுள்ள காற்றைவிடச் சில டிகிரி சூடாக்குகின்றன. குளிரில் விறைத்த பூச்சிகள் அங்கே வந்து உட்கார்ந்து குளிர்காய்கின்றன; போகும்போது மகரந்தத்தைச் சுமந்துபோகின்றன. ஸ்வால்பார்டில் தேனீ கிடையாது. மகரந்தச் சேர்க்கையைப் பெரும்பாலும் ஈக்கள்தான் பார்த்துக்கொள்கின்றன. ஈயை நாம் மதிப்பதில்லை. இந்தத் தீவுக்கு வந்து போனால் மதிப்போம்.

மூன்றாவது ஸ்வால்பார்டின் அடையாளப் பூவான *பபாவர் டாலியானம்*. நம் சமையலறைக் கசகசாவின் பேரினமும் பபாவர்தான், ஆகவே இவர் நமக்குத் தூரத்துச் சொந்தம். மெல்லிய நான்கு இதழ், மஞ்சள் அல்லது வெள்ளை; மயிர் அடர்ந்த தண்டு; பூக்கும்முன் கருத்த மயிரோடு தலை கவிழ்ந்து நிற்கும் மொட்டு. கொஞ்சமும் தாங்காது, ஒரு காற்றுக்கே உதிர்ந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் வேறு எதுவும் முளைக்க அஞ்சும் சரிந்த சரளையில் இதுதான் நிற்கும். ஜூலை முழுக்க, சில இடங்களில் ஆகஸ்டிலும், ஊர்ச் சாலையோரத்திலேயே பார்க்கலாம். இதுவும் சூரியனோடு திரும்பும். உள்ளே தேன் கிடையாது. வருகிற ஈக்கு மகரந்தமும் கொஞ்சம் சூடும்தான் கூலி.

*சைலீன் அகாலிஸ்* பார்ப்பதற்குக் கவிழ்த்து வைத்த பச்சை இட்லிபோல இருக்கும். அதன்மேல் இளஞ்சிவப்புப் பொட்டுகள். இந்த மெத்தை வடிவம் காற்றை மேலே வழுக்கிப் போகவிட்டு வெப்பத்தை உள்ளே பிடித்து வைக்கும். பூ முதலில் தெற்குப் பக்கத்தில்தான் வரும். வடக்குத் தெற்கு குழம்பிப்போனால் இதைப் பார்த்துத் திசை சொல்லலாம் என்பார்கள். ஜிபிஎஸ் காலத்தில் நான் பந்தயம் கட்டமாட்டேன், ஆனாலும் சரிபார்த்துப் பார்ப்பது ஒரு விளையாட்டு. மிக மெதுவாக வளரும் செடி. தட்டளவு மெத்தை உங்கள் தாத்தாவைவிட மூத்ததாக இருக்கலாம். அதன்மேல் முழங்காலை வைத்துவிடாதீர்கள்.

ஐந்தாவது *காஸியோபி டெட்ராகோனா*. பின்னிய நாற்பட்டைக் கயிறுபோலத் தண்டு. செதில் செதிலாக இலை. மேலிருந்து தொங்கும் சிறிய வெள்ளை மணிகள். குளிர்காலத்தில் மிதமான பனிப்போர்வை கிடைக்கும் சரிவுகளில் வளரும். பனி அறவே இல்லாத மேடும் அதற்கு ஆகாது, கோடை பாதி வரை பனி கிடக்கும் பள்ளமும் ஆகாது. ஆகவே காஸியோபி இருந்தால் அந்த இடத்தில் குளிர்காலப் பனி எவ்வளவு கிடந்திருக்கும் என்பதை ஜூலையிலும் ஊகிக்கலாம். அதன் இலைகளின் நீளம் ஆண்டுக்காண்டு மாறுவதை வைத்து, மரவளையம் படிப்பதுபோலப் பழைய கோடைகளின் வெப்பத்தைக் கணக்கிடுகிறார்கள்.

மற்றவர்களைப் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன். பனித் திட்டின் ஓரத்திலேயே, கால் நனைய நிற்கும் மஞ்சள் பூ *ரனன்குலஸ் நிவாலிஸ்*. இதழுக்கு அடியில் கரும்பழுப்பு மயிர் பாருங்கள். ஈரப்பள்ளத்தில் இலவம்பஞ்சு வெடித்ததுபோல நிற்பது *எரியோஃபோரம்*. அது பூ முடிந்து காயான நிலை. பஞ்சு தெரிந்தால் அங்கே கால் வைக்க வேண்டாம், முழங்கால் வரை இறங்கும். சிவப்பு நூல்களைச் சிலந்திக் கால்போலச் சுற்றிலும் நீட்டிக்கொண்டு நடுவில் மஞ்சள் பூ வைத்திருப்பது ஒரு *சாக்ஸிஃப்ராகா*. அந்த நூல் நுனியில் அதன் குட்டிகள் வேர்விடும். *பிஸ்டார்ட்டா விவிபாரா* விதையை நம்பி உட்காராது. தண்டின் மேல்பாதியில் வெள்ளைப் பூவும், கீழ்ப்பாதியில் மிளகுபோலச் சிறு குமிழ்களுமாக நிற்கும். குமிழ் விழுந்தால் செடி. கோடை ஏமாற்றினாலும் குடும்பம் தப்பிக்க வேண்டுமே! கடற்பறவைகள் கூடுகட்டும் பாறைகளுக்கு அடியில் மட்டும், எச்சத்தின் உரத்தால், கண் கூசும் பச்சை தெரியும். அங்கே *காக்லியாரியா* செழித்திருக்கும். வைட்டமின் சி நிறைந்த இந்தக் கீரையைத்தான் பழைய மாலுமிகள் ஸ்கர்வி நோய்க்கு மருந்தாகத் தின்றார்கள்.

*சாலிக்ஸ் போலாரிஸ்* ஒரு மரம். நம்புங்கள், வில்லோ மரம். சில சென்டிமீட்டர் உயரம். தண்டில் பெரும்பகுதி பாசிக்குள் படுத்திருக்கும், வெளியே தெரிவது இரண்டு மூன்று இலையும் ஒரு சிவந்த கதிரும்தான். ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஸ்வால்பார்டில் காட்டுக்குள் நடந்தேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். காடு உங்கள் காலணிக்குக் கீழே இருந்தது என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுங்கள்.

வெள்ளைப் பூக்களில் குழம்பும்போது

மஞ்சளிலும் ஊதாவிலும் அதிகம் குழப்பம் வராது. வெள்ளையில்தான் தலை சுற்றும். இதழை எண்ணுங்கள். எட்டு என்றால் டிரையாஸ், யோசிக்கவே வேண்டாம். நான்கு, சிலுவைபோல எதிரெதிரே என்றால் கடுகுக் குடும்பம். கடுகுப் பூவைப் பார்த்தவருக்கு அந்த அமைப்பு உடனே பிடிபடும். சதைப்பற்றுள்ள வழவழப்பான இலையென்றால் காக்லியாரியா, மயிருள்ள சிறு இலைக்கொத்து என்றால் பெரும்பாலும் *டிராபா*. டிராபாவில் எந்த டிராபா என்று கேட்டால் தாவரவியலாளர்களே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், விட்டுவிட்டு நடங்கள். ஐந்து இதழ், ஒவ்வொன்றின் நுனியும் நடுவில் பிளந்திருந்தால் *செராஸ்டியம்*. ஐந்து இதழ், பிளவில்லை என்றால் சாக்ஸிஃப்ராகாக்களில் ஒன்று. தண்டில் இலைக்கு மடியில் சிவப்புக் குமிழ் இருந்தால் *செர்னுவா*. வெள்ளைப் பபாவருக்கும் நான்கு இதழ்தான், ஆனால் அது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரியது; குழம்பாது.

கையும் காலும்

பறிக்கக் கூடாது. ஸ்வால்பார்டில் செடிகள் அனைத்துக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, பாசிக்கும் லைக்கனுக்கும்கூட. *ஆக்ஸிரியா* என்ற செடியின் இலை புளிச்சகீரைபோலப் புளிக்கும் என்று புத்தகங்கள் சொல்லும்; சொல்லட்டும், நாம் கிள்ள வேண்டாம். படத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று கல்லை நகர்த்துவதும் வேண்டாம். கல்லின் ஓரத்து வெதுவெதுப்பில்தான் அந்தச் செடி இருக்கிறது. துருப்பிடித்த டப்பா, ஆணி, உடைந்த பலகை எதையும் தொடாதீர்கள்: 1946-க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவானாலும் அங்கே தொல்பொருள்தான். எண்டாலென் பள்ளத்தாக்கில் மேலே திறந்த, ஒளி புகும் பிளாஸ்டிக் கூண்டுகள் தரையில் இருக்கும். உலகம் இன்னும் ஓரிரு டிகிரி சூடானால் செடிகள் என்ன செய்யும் என்று பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வு அது. உள்ளே எட்டிப் பார்க்கலாம், கை வைக்கக் கூடாது.

நடக்கும்போது சரளை, கல், பனித்திட்டு இவற்றின்மேல் கால் வையுங்கள், பாசியைத் தவிருங்கள். மெத்தென்ற ஈரத்தரையில் பதிந்த தடம் பல பத்தாண்டுகள் மாறாது. குழுவாகப் போனால் ஒருவர் பின் ஒருவராக வரிசை கட்டாமல், ஈரத்தரையில் மட்டும் பரவி நடப்பது நல்லது. ஏற்கெனவே பாதை விழுந்த இடத்தில் அந்தப் பாதையிலேயே போங்கள்.

படத்துக்கு ஏற்ற நேரம் இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை. சூரியன் தாழ்ந்திருக்கும், பபாவர் தண்டின் மயிரும் காஸியோபியின் மணியும் பின்னொளியில் எரியும். மலை மறைக்காத, வடக்கு திறந்த சரிவைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய எதிரி காற்று. முக்காலியைவிட உங்கள் முதுகே நல்ல தடுப்பு: காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்து, முழங்கையைத் தரையில் ஊன்றி எடுங்கள். கைபேசியே போதும். லென்ஸ் தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். மேலிருந்து குனிந்து எடுத்த ஆயிரம் படங்களில் எல்லாப் பூவும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

நோட்டுப் புத்தகத்தில் பெயரோடு மூன்று விஷயம் எழுதுங்கள்: மேடா பள்ளமா, தரை உலர்ந்ததா ஈரமா, மிக அருகிலுள்ள பனி எத்தனை அடியில் கிடக்கிறது. கடைசியாகச் சொன்னது முக்கியம்.

வந்த முதல் நாளிலேயே, ஊருக்குள் நடந்து போகக்கூடிய தூரத்தில், கரைந்துகொண்டிருக்கும் ஒரு பனித் திட்டைத் தேர்ந்தெடுங்கள். ஜூலையிலும் நிழற்சரிவின் அடியில் ஒன்றாவது கிடக்கும். அதன் ஓரத்தை ஒரு பெரிய கல்லோடு சேர்த்துப் படமெடுத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்புவதற்கு முன் அதே கல்லுக்கு மறுபடி போங்கள். பனி நான்கைந்து அடி பின்வாங்கியிருக்கும். புதிதாக வெளியே வந்த மண் கறுத்து, இன்னும் நீர் சொட்டச் சொட்டக் கிடக்கும். போன ஆண்டு இலைகள் சப்பையாக ஒட்டியிருக்கும். முழங்காலைப் பட்டையில் ஊன்றி, லென்ஸை எடுத்து, அந்தக் கறுத்த மண்ணில் ஊதா நுனிகளைத் தேடுங்கள்.